கரையாத மஞ்சள்: லெட் குரோமேட் ஓர் எளிய அறிமுகம்

பிளஸ் டூவில் வேதியியல் எடுத்துப் படித்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சி. கொடுத்த உப்பைக் கரைத்து வைத்த சோதனைக் குழாயில் பொட்டாசியம் குரோமேட் கரைசலை இரண்டு சொட்டு விடுவோம். தெளிவாக இருந்த நீர் சட்டென்று கலங்கி, நல்ல மஞ்சளாகி, அந்த மஞ்சள் மெல்ல அடியில் படியும். "மஞ்சள் நிற வீழ்படிவு, காரீயம் உறுதி" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவோம்.

அந்த வீழ்படிவுதான் லெட் குரோமேட். மதிப்பெண் வாங்கித் தந்த கையோடு நாம் அதை மறந்துவிட்டாலும், ஆய்வகத்துக்கு வெளியே அதற்குப் பெரிய வாழ்க்கை இருக்கிறது. 200 வருடங்களுக்கு மேலாக ஓவியர்களின் வண்ணத்தட்டில், குதிரை வண்டிகளில், பள்ளிப் பேருந்துகளில், சாலைக் கோடுகளில் எல்லாம் இருந்திருக்கிறது. இருக்கவே கூடாத இடமான மசாலா டப்பாவுக்குள்ளும் புகுந்திருக்கிறது. இத்தனைக்கும் அடிப்படை ஒரே ஒரு குணம்: அது தண்ணீரில் கரையாது. அதை நல்ல நிறமி ஆக்கியதும் அந்தக் குணம்தான். "இதனால் ஒன்றும் ஆகாது" என்று ஆட்களை நம்ப வைத்ததும் அதேதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். லெட் என்றால் காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம். அது வேறு உலோகம், இந்தக் கதையில் அதற்கு வேலையில்லை. இங்கே பேசப்போவது கார் பேட்டரியிலும் துப்பாக்கிக் குண்டிலும் இருக்கும் காரீயம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு காரீய அணு, ஒரு குரோமியம் அணு, நான்கு ஆக்சிஜன் அணுக்கள். குரோமியமும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்து குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக (மின்னேற்றம் உள்ள அணுக்கூட்டமாக) நிற்கின்றன. காரீயம் நேர்மின் அயனியாக அதோடு இணைகிறது. காரீயம் கனமான அணு என்பதால் எடைக் கணக்கில் அதுதான் ஆதிக்கம் செலுத்துகிறது. 100 கிராம் லெட் குரோமேட்டில் 64 கிராம் காரீயம், 16 கிராம் குரோமியம், மீதி ஆக்சிஜன். அதாவது எடையில் காரீயமும் குரோமியமும் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று. இந்த விகிதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு குற்றத்தைத் துப்பறிய இது தேவைப்படும்.

நிறத்துக்குக் காரணம் குரோமேட். அதன் மேல் ஒளி படும்போது ஆக்சிஜனிடம் இருக்கும் எலக்ட்ரான் குரோமியத்தின் பக்கம் தாவுகிறது. அந்தத் தாவலுக்குத் தேவையான ஆற்றலை வெளிச்சத்தின் ஊதா, நீலப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்தது போக மிச்சமாகத் திரும்பி வரும் ஒளி நம் கண்ணுக்கு மஞ்சள். இதில் லெட் சல்பேட்டைக் கொஞ்சம் கலந்தால் எலுமிச்சை மஞ்சள் கிடைக்கும். காரத்தோடு கொதிக்க வைத்தால் ஆரஞ்சுக்குப் போகும். பிரஷ்யன் நீலத்தோடு கலந்தால் பச்சை. ஒரே சரக்கை வைத்துக்கொண்டு பெயின்ட் கம்பெனிக்காரர் அரைக் கடையை நிரப்பிவிடலாம்.

தண்ணீரைவிட ஆறு மடங்கு அடர்த்தி உள்ள தூள் இது. உருகுவதற்கு 844 டிகிரி செல்சியஸ் வேண்டும். எண்ணெயில் குழைத்துப் பூசினால் அடியில் இருப்பதை ஒரே பூச்சில் மறைக்கும். விலையும் மலிவு.

இனி கரைதிறன். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் லெட் குரோமேட் சுமார் 0.17 மில்லிகிராம்தான். பாடப்புத்தகக் கணக்கில் இது "கரையாத உப்பு", சரிதான். ஆனால் அந்த 0.17 மில்லிகிராமில் காரீயம் எவ்வளவு என்று பாருங்கள்: சுமார் 110 மைக்ரோகிராம். குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியக் குடிநீர்த் தரமும் அதேதான். கரையாதது என்று நாம் ஒதுக்கிவிட்ட பொருள், கரைந்த அந்தத் துளியளவிலேயே குடிநீர் வரம்பைப் பத்து மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது. வேதியியலாளர் "கரையாது" என்று சொல்வது வீழ்படிவை வடிகட்டி எடுக்க முடியுமா என்ற அர்த்தத்தில். உடம்புக்கு அந்தக் கணக்கு போதாது.

சைபீரியாவின் சிவப்புக் கல்

லெட் குரோமேட் இயற்கையிலும் கிடைக்கிறது. கனிமத்தின் பெயர் குரோகொய்ட். நீள நீளமான, கண்ணாடிப் பளபளப்புள்ள ஆரஞ்சு-சிவப்புப் படிகங்கள். பொடித்தால் நிறம் மஞ்சள் பக்கம் நகரும். 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில், பெரெசோவ்ஸ்க் தங்கச் சுரங்கங்களில் இது கிடைத்தபோது "சைபீரியச் சிவப்புக் காரீயம்" என்று அழைத்தார்கள். இன்று உலகத்திலேயே அழகான குரோகொய்ட் படிகங்கள் கிடைப்பது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், டண்டாஸ் என்ற இடத்தில். அந்த மாநிலத்தின் அடையாளக் கனிமமே இதுதான்.

இந்தக் கல்லில் காரீயம் இருப்பது அப்போதே தெரியும். கூட என்ன இருக்கிறது என்பதில்தான் குழப்பம். 1797இல் லூயி நிக்கோலா வோக்லன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதைப் பொட்டாசியம் கார்பனேட்டோடு கொதிக்கவைத்தார். காரீயம் ஒரு பக்கம் கார்பனேட்டாகப் பிரிந்தது, நீர் மஞ்சளானது. அந்த மஞ்சள் நீரில் இருந்தது அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமம். அடுத்த வருடம் கரியோடு சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கி உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதன் சேர்மங்கள் விதவிதமான நிறங்களைக் காட்டியதால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்று பெயர் வந்தது. நம் வீட்டு எவர்சில்வர் தட்டு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமான உலோகம், முதன்முதலில் வெளியே வந்தது லெட் குரோமேட்டிலிருந்து.

கனிமம் அரிது. ஆனால் காரீய உப்பும் குரோமேட் உப்பும் கிடைத்துவிட்டால் இரண்டு கரைசலையும் ஒன்றாக ஊற்றினால் போதும், நிறமி தயார். அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே "குரோம் மஞ்சள்" என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. ஓவியர்களுக்கு அதுவரை கிடைத்த மஞ்சள்களில் ஒன்று மங்கலாக இருக்கும், இன்னொன்றில் ஆர்செனிக் இருக்கும், மற்றொன்று வெளிறிப்போகும். குரோம் மஞ்சள் பளீரென்று இருந்தது, விலையும் கட்டுப்படியானது.

வின்சென்ட் வான் கோ 1888-89இல் ஆர்ல் நகரத்தில் வரைந்த சூரியகாந்திகளில் இருப்பது இந்த மஞ்சள். அவற்றில் சில இடங்கள் இன்று பழுப்படித்துக் கிடக்கின்றன. காரணத்தை 2011இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பழைய பெயின்ட் குழாய்களில் மிஞ்சியிருந்த நிறமியின் மேல் செயற்கையாக ஒளி பாய்ச்சி, பழுப்பான மாதிரியை பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கியின் எக்ஸ்-ரே கற்றையில் வைத்துப் பார்த்தார்கள். மேற்பரப்பில் இருந்த குரோமியம் ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு, அதாவது எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, இறங்கியிருந்தது. மூன்றாம் நிலைக் குரோமியச் சேர்மங்கள் பச்சையாக இருக்கும். மஞ்சளின் மேல் அந்தப் பச்சை மெல்லிய ஏடாகப் படிந்தால் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகிறது. சல்பேட் அதிகம் கலந்த வெளிர் மஞ்சளுக்குத்தான் இந்தப் பாதிப்பு அதிகம். ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கும் சூரியகாந்தி ஓவியம் இனி வெளியூர்க் கண்காட்சிகளுக்கு அனுப்பப்படாது என்று 2019இல் அறிவித்துவிட்டார்கள்.

இந்த ஆறு, மூன்று விஷயத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலைக் குரோமியம் பெரிய வில்லன் அல்ல. லெட் குரோமேட்டில் இருப்பது ஆறாம் நிலை. ஆபத்தானது அதுதான்.

ஓவியர்கள் பயன்படுத்தியது கொசுறு அளவுதான். பெரும் வியாபாரம் தொழிற்சாலைப் பெயின்ட், பிளாஸ்டிக், சாலைக் கோடு, இயந்திரங்களுக்கான எச்சரிக்கை மஞ்சள் ஆகியவற்றில் நடந்தது. அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு ஒரே நிறம் வேண்டும் என்று 1939இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடி முடிவெடுத்தபோது, அந்த நிறத்துக்கு வைத்த பெயரிலேயே "குரோம்" இருந்தது. வெயில், மழை, டீசல் புகை எல்லாவற்றையும் தாங்கி, தூரத்திலிருந்தே கண்ணில் படும் மஞ்சள் என்றால் அன்றைக்கு இதுதான்.

வயிற்றுக்குள் போனால்

சரி, தண்ணீரில் கரையாத பொருள் வயிற்றுக்குள் போனால் அப்படியே வெளியே வந்துவிடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் வயிற்றில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

லெட் குரோமேட் தூளைத் தண்ணீரில் போட்டால் கொஞ்சூண்டு கரைந்து, காரீய அயனியும் குரோமேட் அயனியும் மிதக்கும். அவை திரும்பச் சேர்ந்து திடப்பொருளாகவும் ஆகும். கரைவதும் படிவதும் ஒரே வேகத்தில் நடக்கும்போது, அதற்கு மேல் கரையாமல் நின்றுவிடுகிறது. அமிலம் இருந்தால் இந்தச் சமநிலை குலைகிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி, மிதக்கும் குரோமேட்டைப் பிடித்து வேறு அயனியாக மாற்றிவிடுகிறது. காரீயம் திரும்பச் சேரத் துணை இல்லாமல் கரைசலிலேயே நிற்கிறது. அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் தூள் கரைகிறது. இப்படியே தொடர்ந்து, குழாய்த் தண்ணீரில் நடக்காதது வயிற்றில் நடந்துவிடுகிறது. முழுவதும் கரைய வேண்டும் என்றுகூட இல்லை. காரீயத்தைப் பொறுத்தவரை பேச்சு மைக்ரோகிராம் கணக்கில்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் அல்ல. 1887இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், முட்டை சேர்த்ததுபோல நிறம் வர வேண்டும் என்று பேக்கரிக்காரர்கள் பன்னிலும் கேக்கிலும் குரோம் மஞ்சளைக் கலந்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுவலி, வலிப்பு, சிலருக்குச் சாவு. டேவிட் டெனிசன் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்து மருத்துவ இதழில் எழுதினார். ஒரு கோழிமுட்டையின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை.

உள்ளே போன காரீயம் என்ன செய்கிறது? உடம்புக்குக் காரீயத்தால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் அதன் அயனி, கால்சியம் அயனியைப் போல நடிக்கத் தெரிந்தது. கல்யாணப் பந்தியில் அழைக்காமலே வந்து, வேறு யாருக்கோ போட்ட இலையில் உட்கார்ந்துகொண்டு, பந்தி முடிந்த பிறகும் எழுந்திருக்காத ஆளைப் போல, கால்சியத்துக்கான இடங்களில் அது உட்கார்ந்துவிடுகிறது. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குக் கால்சியம் வேண்டும், அங்கே குழப்பம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் தயாரிக்கும் நொதிகளையும் தடுக்கிறது, அதனால் சோகை. மிச்சம் எலும்பில் போய்த் தங்கிவிடும். தங்கினால் வருடக் கணக்கில் இல்லை, பத்தாண்டுக் கணக்கில். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, என்றோ சேர்ந்த காரீயமும் கூடவே இறங்கி, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது.

குழந்தைகளுக்கு ஆபத்து பல மடங்கு. ஒரே அளவை விழுங்கினால் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு காரீயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். சாப்பாட்டில் இரும்பும் கால்சியமும் குறைவு என்றால் இன்னும் அதிகம். மூளை வளரும் வயதில் படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றையும் அது பாதிக்கிறது. இங்கே இருக்கும் பெரிய சங்கடம், குறைந்த அளவில் வெளியே எதுவுமே தெரியாது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. "பையன் கொஞ்சம் மந்தமாக இருக்கிறான்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

குரோமியத்தின் கதை கொஞ்சம் வேறு. வயிற்றுக்குள் போகும் ஆறாம் நிலைக் குரோமியத்தில் பெரும்பகுதியை வயிற்று அமிலமும் உணவும் சேர்ந்து மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடுகின்றன. நுரையீரலில் அந்தப் பாதுகாப்பு குறைவு. தூளாக மூச்சில் போனால் கதை மாறிவிடும். ஆறாம் நிலைக் குரோமியச் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று, முதல் தொகுதியிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. நிறமி ஆலைத் தொழிலாளர்களிடமும் குரோமேட் உற்பத்தித் தொழிலாளர்களிடமும் கண்ட நுரையீரல் புற்றுநோய்தான் இதற்கு ஆதாரம். ஆகவே ஒரே பொருளுக்கு இரண்டு ஆபத்து: விழுங்கினால் காரீயம், சுவாசித்தால் காரீயத்தோடு குரோமியமும்.

மஞ்சளுக்கு மஞ்சள் பூசுவது

தோண்டி எடுத்த மஞ்சள் கிழங்கு பார்க்க அழகாக இருக்காது. வேகவைத்துக் காயப்போட்ட பிறகும் தோல் சொரசொரப்பாக, மண் நிறத்தில் இருக்கும். அதனால்தான் விரலியையும் கிழங்கையும் டிரம்மில் போட்டுச் சுழற்றிப் பாலீஷ் செய்கிறார்கள். ஒன்றோடொன்று உரசித் தோல் போய்விடும். முறையாகச் செய்பவர்கள் நிறத்துக்காகக் கடைசியில் மஞ்சள் தூளையே தூவிச் சுற்றுவார்கள். ஈரோட்டுப் பக்கம் இதெல்லாம் அன்றாடக் காட்சி, பாலீஷ் போடுவது தப்பே இல்லை. ஆனால் தப்பு செய்ய நினைப்பவருக்கு வசதியான கட்டமும் இதுதான். மட்டமான, நனைந்து கறுத்த மஞ்சளைக்கூட ஒரு பிடி லெட் குரோமேட் முதல் தரமாகக் காட்டிவிடும்.

பங்களாதேஷில் இது நடந்தது. கிராமப்புறக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருந்ததை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையமும் கண்டன. பெயின்ட் இல்லாத வீடுகள், அருகில் தொழிற்சாலையும் இல்லை. எங்கிருந்து வந்தது? காரீயத்துக்குப் பல ஐசோடோப்புகள் (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள்) உண்டு, அவற்றின் விகிதம் மூலத்துக்கு மூலம் மாறும். பெண்களின் இரத்தத்தில் இருந்த விகிதத்தைச் சந்தேகப்பட்ட ஒவ்வொரு பொருளோடும் ஒப்பிட்டதில், மஞ்சள் தூள் மாட்டிக்கொண்டது. வியாபாரிகளிடம் பேசியபோது, 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் கெட்ட மஞ்சளை விற்பதற்காகத் தொடங்கிய பழக்கம் என்றார்கள். அங்கே அந்தத் தூளுக்குப் பெயர் "பியூரி". அதில் காரீயம் இருக்கிறது என்று தெரியாமலே கலந்தவர்களும் உண்டு.

இந்தக் கதையில் நல்ல திருப்பமும் இருக்கிறது. ஆய்வு முடிவுகள் 2019இல் வெளிவந்ததும் பங்களாதேஷ் உணவுப் பாதுகாப்பு ஆணையம் டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில் சோதனை நடத்தியது. கையடக்க எக்ஸ்-ரே கருவியை மூட்டையின் மேல் வைத்தாலே காரீயம் இருக்கிறதா என்று அங்கேயே சொல்லிவிடும். சரக்கைப் பறிமுதல் செய்து அபராதமும் போட்டார்கள், செய்தி நாடு முழுக்கப் பரவியது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த காரீயம் 2020இல் 5 சதவீதமாகவும், 2021இல் பூஜ்யமாகவும் ஆனது. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தக் காரீயமும் சுமார் 30 சதவீதம் குறைந்தது. உணவுக் கலப்படத்தில் இவ்வளவு சீக்கிரம் பலன் கண்ட வேறு நடவடிக்கை எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அண்டை நாடுகளின் நிலை அவ்வளவு நிம்மதியாக இல்லை. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் 2020-21இல் எடுத்த 356 மாதிரிகளில் 14 சதவீதத்தில் காரீயம் கிராமுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டியது. பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய இடங்களில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேலேயே கிடைத்தது. இந்திய வரம்பு கிராமுக்கு 10.

1000 என்றால் எவ்வளவு? குழம்புக்கு அரை டீஸ்பூன் மஞ்சள் தூள் போடுகிறோம், சுமார் ஒன்றரை கிராம். அதில் 1500 மைக்ரோகிராம் காரீயம். வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 375. ஒரு குழந்தைக்கு உணவு வழியாக நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று கேட்பார்கள். போகாது. காரீயம் ஒரு தனிமம், அடுப்பால் அதை அழிக்க முடியாது.

இப்போது அந்த நான்குக்கு ஒன்று கணக்குக்கு வருவோம். 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள்கூழ்ப் பொட்டலங்களைச் சாப்பிட்ட குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் ஏறியது. அதில் பட்டை சேர்த்திருந்தார்கள். ஈக்வடாரில் இருந்த தயாரிப்பு ஆலையிலிருந்து எடுத்த பட்டைத்தூளின் ஒரு மாதிரியில் காரீயம் 5110 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5110 பங்கு), குரோமியம் 1201 பிபிஎம். இன்னொன்றில் 2270, 531. வகுத்துப் பாருங்கள்: இரண்டிலும் நாலே கால். லெட் குரோமேட்டில் இருக்க வேண்டியது நான்கு. மண்ணிலிருந்தோ அரவை இயந்திரத்திலிருந்தோ தற்செயலாக ஒட்டிய காரீயம் என்றால் குரோமியம் இவ்வளவு ஒழுங்காகக் கூடவே வந்திருக்காது. நிறத்துக்காகவோ எடைக்காகவோ யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு அதிகாரிகள் வந்தது இதை வைத்துத்தான். 5110 பிபிஎம் காரீயம் வேண்டுமென்றால் ஒரு கிலோ பட்டைத்தூளுக்கு 8 கிராம் லெட் குரோமேட் போதும். அந்தப் பட்டை முதலில் புறப்பட்டது இலங்கையிலிருந்து. அங்கிருந்து வந்த முழுப் பட்டையின் மாதிரிகளில் காரீயக் கலப்படம் இல்லை. ஈக்வடாரில் அரைத்த இடத்தில்தான் கைவரிசை நடந்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு அதிகாரிகளின் முடிவு. பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவில் மட்டும் 500க்கு மேல்.

வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

இணையத்தில் சுற்றும் காணொளிகளைப் பார்த்தால் எல்லோரும் எளிதாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானம் வேண்டும். மஞ்சள் தூளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்ப்பது மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்துக்கான சோதனை. அது வேறு கலப்படம். லெட் குரோமேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சோதனையில் தேறிவிட்டது என்று காரீயத்தை மறந்துவிடக் கூடாது.

முழு விரலிக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஓர் எளிய வழி சொல்கிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல விரலி நிறத்தை விடாது. மேலே பூசியதாக இருந்தால் மஞ்சள் உடனே தண்ணீரில் இறங்கும். மேல்பூச்சு இருக்கிறதா என்பதை இது காட்டும், பூச்சு எது என்று சொல்லாது. ஆய்வகத்தில் செய்யும் சோதனை இன்னும் துல்லியமானது. மஞ்சள் தூளைச் சாம்பலாக்கி, நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து வடிகட்டி, டைஃபினைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். குரோமேட் இருந்தால் இளஞ்சிவப்பு வரும். சாம்பலாக்கும்போதே மஞ்சளின் சொந்த நிறமான குர்குமின் எரிந்துவிடுவதால் குழப்பம் வராது. எவ்வளவு காரீயம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் கருவி உள்ள ஆய்வகம்தான் வழி. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40ஆம் பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துப் பார்க்க இடம் தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் ரொம்பக் குறைவு.

என் யோசனை சாதாரணமானது. பாலீஷ் போடாத, மங்கலான விரலியாக வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். லேசாக மண் நிறம் அடித்தால் பரவாயில்லை. கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தான் உயர்ந்த ரகம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கும்வரை யாரோ ஒருவர் அதற்கேற்ற மஞ்சளைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார். குர்குமின் வெயிலில் நிறம் மங்கும் தன்மை உள்ளது. மாதக் கணக்கில் வெளிச்சத்தில் வைத்தும் துளிகூட மங்காத தூள் என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

சந்தேகம் வலுவாக இருந்தால், குறிப்பாகக் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ வீட்டில் இருந்தால், இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 3.5லேயே விழித்துக்கொள்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே நிறுவப்படவில்லை. காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு, ஆனால் அவை அளவு மிக அதிகமாக ஏறியவர்களுக்கு. மற்றவர்களுக்கு மூலத்தை நிறுத்துவதும், இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள சாப்பாடும்தான் வைத்தியம்.

பெயின்ட் பக்கம்

இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும் மட்டும். தொழிற்சாலைப் பெயின்ட் அதில் வராது. அதனால் லெட் குரோமேட் சட்டப்படியே சந்தையில் கிடைக்கிறது. எங்கேயோ ஒரு மூட்டை பாதை மாறி மசாலா மில்லுக்குப் போவதும் அதனால்தான் சாத்தியமாகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்துக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஒரு நிறுவனத்துக்கு அப்படி அனுமதி கொடுத்ததும் ஸ்வீடன் வழக்குப் போட்டது: மாற்று நிறமிகள் இருக்கும்போது எதற்கு அனுமதி? 2019இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. மாற்று என்று அவர்கள் சொன்னது கற்பனை அல்ல. பிஸ்மத் வனடேட் இருக்கிறது, கரிம மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. விலைதான் கூடுதல்.

புது டப்பா வாங்கும்போது காரீயம் பற்றிய குறிப்பைப் படித்துப் பார்ப்பது எளிது. சிக்கல் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய பூச்சில். விதி வருவதற்கு முன்னால் அடித்த மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல் ஜன்னல் கம்பியிலும் இரும்புக் கேட்டிலும் தொட்டிலிலும் இருக்கலாம். பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. பெயின்ட் அடிக்க வருபவர் காய்ந்த உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கும்போதுதான் வம்பு. வீடு முழுக்கத் தூசி பறக்கும், அவர் அதை மூச்சில் இழுப்பார், தரையில் தவழும் குழந்தை அதைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். வாட்டர் பேப்பர் வாங்கிக் கொடுத்து ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். அவருக்கு நல்ல முகக்கவசம் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. வேலை முடியும்வரை குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அப்புறம் அந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித் தூக்கிப் போட்டுவிடுங்கள்.